பழையன கழியுமுன்

நுழையும்முன்

நாம் எழுதும் நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றித் தருவது நிரல்பெயர்ப்பி. அந்த நிரல்பெயர்ப்பியும் மனிதர் எழுதிய ஒரு நிரலே. அதன் பழைய உறுப்பொன்றை அகற்றிப் புதியதைப் பொருத்தும்போது, நேற்றுவரை நன்கு இயங்கியவை இன்றும் அவ்வாறே இயங்க வேண்டும். இதனை எவ்வாறு உறுதிசெய்வது? ஓலைச்சுவடி முதல் கணினி வரை தொடரும் இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

கரிவலம்வந்தநல்லூர் தரும் பாடம்

தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது கரிவலம்வந்தநல்லூர். திருக்கருவை என இலக்கியங்கள் போற்றும் ஊர் இது. அதிவீரராம பாண்டியர் பெயரால் வழங்கும் திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதி இவ்வூர் இறைவன்மீது பாடப்பெற்றது. தமிழ் வளர்த்த பாண்டியரின் ஏட்டுச்சுவடிகள் இவ்வூர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்வியுற்ற உ.வே.சாமிநாதர், அவற்றைக் காணும் ஆவலுடன் இங்கு வந்தார்.

அவருக்குக் கிடைத்தது சுவடியன்று. அது அழிந்த செய்தியே. சிதைந்த பழஞ்சுவடிகளைக் கண்ட இடத்தில் போடலாகாது, நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட வேண்டும் என்னும் நெறிப்படி அவ்வாறே செய்துவிட்டதாகக் கோயில் அலுவலர் ஒருவர் கூறினார். இந்நிகழ்வை உ.வே.சா. தம் தன்வரலாறான 'என் சரித்திரம்' நூலில் வருத்தத்துடன் பதிவுசெய்துள்ளார்.

அந்நெறி பொருளற்றதன்று. ஓர் ஏடு சிதையத் தொடங்கினால் அதனைப் புதிய ஏட்டில் படியெடுத்துக்கொள்வர். அதன் பின்னரே பழைய ஏட்டைத் தீக்கு அளிப்பர். படியெடுத்தல், கழித்தல் என இரு பகுதிகளைக் கொண்டது அம்முறை. காலப்போக்கில் முதற்பகுதி மறக்கப்பட்டு, இரண்டாம் பகுதி மட்டும் எஞ்சியது. அதன் விளைவாக, எந்தெந்த நூல்களை இழந்தோம் என்பதைக்கூட நாம் அறிய இயலாமற் போயிற்று.

ஒன்றைக் கழிக்குமுன் இரு வினாக்களுக்கு விடை காண வேண்டும் என்பதே இந்நிகழ்வு தரும் பாடம். பழையது செய்துவந்த அனைத்தையும் செய்யக்கூடிய புதியது ஆயத்தமாக உள்ளதா? அது பழையதோடு ஒப்புநோக்கப்பட்டதா? கணினியின் நிரல்பெயர்ப்பியைப் பேணுவோர் இவ்விரு வினாக்களையும் நாள்தோறும் எழுப்புகின்றனர்.

நிரல்பெயர்ப்பியும் செம்மையாக்கமும்

கணினி அறிவியல் பயிலும் மாணவர் சி++ மொழியில் நிரலொன்றை எழுதுகிறார். கணினியின் செயலகம் அம்மொழியை அறியாது. அது அறிந்தவை எண்களால் ஆன இயந்திரக் கட்டளைகளே. மாணவர் எழுதிய மூல நிரலை அக்கட்டளைகளாக மாற்றும் மென்பொருளே நிரல்பெயர்ப்பி. இதனைக் கம்பைலர் என்றும் வழங்குவர்.

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதோடு அதன் பணி முடிவதில்லை. நல்ல மொழிபெயர்ப்பாளர் பொருள் மாறாமல் நடையைச் செம்மைப்படுத்துவது போல, நிரல்பெயர்ப்பியும் நிரலின் பொருள் மாறாமல் அதனை விரைவாக இயங்கும் வடிவிற்கு மாற்றுகிறது. ஒரே கணக்கை இருமுறை செய்திருந்தால், முதல்முறை கண்ட விடையை மறுமுறையும் பயன்படுத்திக்கொள்கிறது. ஒருபோதும் பயன்படாத வரிகளை நீக்குகிறது. இவ்வாறு ஒவ்வொரு வகை மாற்றத்தையும் செய்வதற்குத் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. நெசவாலையில் நூல் ஒரு பொறியிலிருந்து அடுத்த பொறிக்குச் செல்வது போல, நிரல் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்திற்குச் செல்கிறது. இக்கட்டங்களைச் செம்மையாக்கக் கட்டங்கள் எனலாம்.

இக்கட்டங்களும் முதுமை அடைகின்றன. ஓலை செல்லரிப்பது போல அவை அழிவதில்லை. ஆயினும், அவை எழுதப்பட்ட காலத்தில் இல்லாத புதிய செயலகங்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏற்ப ஒட்டுகள் போடப்படுகின்றன. எழுதியவர்கள் வேறு பணிக்குச் சென்றுவிடுகின்றனர். ஒருநாள் அதில் ஒரு வரியை மாற்றவே பிறர் தயங்கும் நிலை உருவாகிறது. அப்போது புதிய கட்டம் ஒன்றை எழுத வேண்டிய தேவை எழுகிறது.

சிறிய மேசையும் பெரிய அலமாரியும்

கட்டங்களுள் இன்றியமையாதது பதிவக ஒதுக்கீடு. செயலகத்திற்குள் மிக விரைவாக எடுத்தாளத்தக்க சில இடங்கள் உள்ளன, அவையே பதிவகங்கள். நாம் பரவலாகப் பயன்படுத்தும் எக்ஸ்86 செயலகத்தின் 32 பிட் வடிவில் பொதுப் பயன்பாட்டுப் பதிவகங்கள் 8. அதன் 64 பிட் வடிவில் 16. ஆனால், ஒரு நிரலில் நூற்றுக்கணக்கான மதிப்புகள் இருக்கலாம். இடம் கிடைக்காதவற்றை நினைவகத்தில் வைத்து, வேண்டும்போது எடுத்துவர வேண்டும். பதிவகம் கைக்கெட்டும் சிறிய மேசை எனில், நினைவகம் எழுந்து சென்று எடுக்க வேண்டிய பெரிய அலமாரி. எதை மேசையில் வைப்பது, எதை அலமாரிக்கு அனுப்புவது என்னும் முடிவைப் பொறுத்தே நிரலின் வேகம் அமைகிறது.

இச்சிக்கலுக்கு எல்லா நிரல்களிலும் மிகச் சிறந்த விடையை விரைவாகத் தரும் வழி எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. ஆகவே, ஒவ்வொரு முறையும் ஒருவகை ஊகத்தையே நம்பியுள்ளது. பெரும்பாலான நிரல்களில் ஊகம் பலிக்கும், சிலவற்றில் பொய்க்கும். இதனை மறவாமல் அடுத்த பகுதியைக் காண்போம்.

பின்னடைவு ஏன் நேர்கிறது?

புதிய கட்டத்தைச் சேர்த்தபின், முன்பு சரியாக இருந்த ஒன்று குறையுறுவதைப் பின்னடைவு என்பர். அது மூவகைப்படும். நிரல் தவறான விடையைத் தருவது முதல்வகை. விடை சரியாகவே இருந்தும், நிரல் முன்னைவிட மெதுவாக இயங்குவதோ அளவில் பெருப்பதோ இரண்டாம் வகை. பெயர்ப்புப் பணியே முன்னைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வது மூன்றாம் வகை. முதல்வகையே கொடியது. நிரலை எழுதியவர் தம் நிரலில் பிழை இருப்பதாகக் கருதி வரிவரியாகத் தேடுவார். அங்கே பிழை இராது.

இரண்டாம் வகையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு நிரல் 1,000 மாணவரின் மதிப்பெண்களைக் கூட்டுகிறது. கூட்டுத்தொகை ஒரு மடக்கினுள் 1,000 முறை பயன்படுகிறது. பிழையான பதிவுகளைக் கையாள, மடக்கினுள் மடக்காக மற்றொரு பகுதியும் அதில் உண்டு. அங்குப் பிழை எண் என்னும் மதிப்பு பயன்படுகிறது. இரண்டும் ஒரே காலத்தில் தேவைப்படுகின்றன. எஞ்சியுள்ள பதிவகமோ ஒன்றே.

முதலில் வந்ததற்கு முதலிடம் என்பது பழைய கட்டத்தின் விதி என்று கொள்வோம். நிரலில் கூட்டுத்தொகை முதலில் வருவதால் அதற்குப் பதிவகம் கிடைக்கிறது. மடக்கின் ஆழம் மிகுந்ததற்கு முதலிடம் என்பது புதிய கட்டத்தின் விதி. பெரும்பாலான நிரல்களுக்கு இதுவே சிறந்த விதி. ஆழ்ந்த மடக்கில் உள்ளதே மிகுதியாகப் பயன்படும். ஆயினும், இந்நிரலில் பிழையான பதிவு ஒன்றுகூட இல்லாவிடில், உள்மடக்கு ஒருமுறையும் இயங்காது. பதிவகம் பயனின்றிக் கிடக்க, கூட்டுத்தொகை 1,000 முறை நினைவகத்திற்குச் சென்று மீள்கிறது. விதி சிறந்ததே, ஆனாலும் நிரல் மெதுவாயிற்று. பொதுவான முன்னேற்றத்துக்குள்ளே தனியொரு பின்னடைவு மறைந்திருக்கலாம் என்பதை இது காட்டுகிறது.

மற்றொரு காரணமும் உண்டு. நீண்ட காலம் இயங்கிய கட்டம், தன் பெயரில் குறிக்கப்படாத சிறு வேலைகளையும் செய்துவரும். பிற கட்டங்கள் தம்மை அறியாமலேயே அவற்றைச் சார்ந்திருக்கும். பழைய கட்டத்தை அகற்றும் நாளில்தான் அவ்வேலைகள் வெளிப்படும்.

தெரிந்து தெளிவோம்

மதிப்புகளை ஒரே வரிசையாகப் பார்த்துப் பதிவகங்களை விரைவாக ஒதுக்கும் 'நேர்கோட்டு' முறையை மாசிமிலியானோ பொலெட்டோ, விவேக் சர்க்கார் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் விளக்கினர். எல்எல்விஎம் என்னும் நிரல்பெயர்ப்பி, நேர்கோட்டு ஒதுக்கியைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது. 2011 டிசம்பரில் வெளியான அதன் 3.0 பதிப்பு, வேறொரு புதிய ஒதுக்கிக்கு மாறியது. இயந்திரக் கட்டளைகளின் அளவு 1 முதல் 2 விழுக்காடு குறைந்ததாகவும், வேகம் 10 விழுக்காடு வரை கூடியதாகவும் அதனை உருவாக்கியோர் அறிவித்தனர். இந்த நிரல்பெயர்ப்பியைத் தோற்றுவித்த இருவருள் ஒருவர் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற விக்ரம் ஆத்வே.

26 ஆண்டுப் பழைய கட்டம்

சி++ நிரல்களைப் பெயர்க்கப் பலரும் பயன்படுத்துவது ஜிசிசி. குனு திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் இதனை 1987இல் வெளியிட்டார். அதில் தொடக்கம் முதலே 'ரீலோடு' என்னும் கட்டம் இருந்தது. பதிவகம் கிடைக்காத மதிப்புகளை நினைவகத்திலிருந்து எடுத்துவரும் கட்டளைகளைச் சேர்ப்பது அதன் பணி. ஒவ்வொரு கட்டளையின் நிபந்தனையையும் அது நிறைவுசெய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, எக்ஸ்86 செயலகத்தின் முழுஎண் வகுத்தல் கட்டளை, வகுபடும் எண்ணைக் குறிப்பிட்ட சில பதிவகங்களிலேயே எதிர்பார்க்கும். இத்தகைய நிபந்தனைகள் செயலகத்திற்குச் செயலகம் மாறுபடும். அத்தனையையும் ஒரே கட்டம் சுமந்ததால் ரீலோடு மிகச் சிக்கலானதாக வளர்ந்தது.

ரெட் ஹேட் நிறுவனத்தைச் சேர்ந்த விளாதிமிர் மகாரவ் அதற்கு மாற்றாக 'எல்ஆர்ஏ' என்னும் கட்டத்தை உருவாக்கினார். பெரிய பணி சிறுசிறு பணிகளாகப் பிரிக்கப்பட்டது. எடுக்கும் முடிவு ஒவ்வொன்றும் நிரலின் இடைவடிவத்திலேயே பதியப்பட்டது. ஆகவே, ஒவ்வொரு படியிலும் நேர்ந்தது என்ன என்பதைப் பிறரும் எளிதில் காண முடிந்தது.

2013 மார்ச்சில் வெளியான ஜிசிசி 4.8 பதிப்பில் எல்ஆர்ஏ அறிமுகமாயிற்று. 26 ஆண்டுப் பழைய ரீலோடு கட்டத்திற்கு மாற்று என்றே வெளியீட்டுக் குறிப்பு அதனை அறிவித்தது. எனினும், அது எல்லாச் செயலகங்களுக்கும் ஒரேநாளில் வழங்கப்படவில்லை. எக்ஸ்86 செயலகத்தின் 32 பிட், 64 பிட் வடிவங்களுக்கு மட்டுமே முதலில் இயக்கப்பட்டது. மற்றவற்றிற்கு ரீலோடே தொடர்ந்தது. பவர்பிசி செயலகத்திற்கு எல்ஆர்ஏ இயல்புநிலைத் தேர்வானது 2017இல் வெளியான ஜிசிசி 7 பதிப்பில்தான். 2013க்குப் பின் பத்தாண்டுகள் கடந்தும் ரீலோடைச் சார்ந்த சில செயலகங்கள் இருந்தன. படி முழுமையாக எடுத்து முடிக்கப்படும்வரை பழைய ஏடு தீக்கு அளிக்கப்படவில்லை.

ஒப்புநோக்கும் வழிகள்

படியெடுத்த சுவடியை மூலத்தோடு ஒப்புநோக்கிப் பிழைகளைத் திருத்துவது பதிப்பாசிரியரின் கடமை. நிரல்பெயர்ப்பியிலும் அப்பணி நான்கு வழிகளில் நடைபெறுகிறது.

முதலாவது, தன்னைத் தானே பெயர்த்தல். ஏற்கெனவே உள்ள நிரல்பெயர்ப்பியைக் கொண்டு ஜிசிசியின் மூல நிரலைப் பெயர்ப்பர். அவ்வாறு உருவான முதல் ஜிசிசியைக் கொண்டு அதே மூல நிரலை மீண்டும் பெயர்ப்பர். அதில் உருவான இரண்டாம் ஜிசிசி, மூன்றாவதை உருவாக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் முற்றிலும் ஒத்திருக்க வேண்டும். வேறுபாடு காணப்பட்டால், எங்கோ பிழை உள்ளது என்பது தெளிவு. பல இலட்சம் வரிகள் கொண்ட தன்னையே சரியாகப் பெயர்க்க இயலாத கட்டம், பிறர் நிரலை எவ்வாறு காக்கும்?

இரண்டாவது, சோதனைத் தொகுதி. இதுவரை கண்டறிந்து திருத்திய பிழைகளுக்குச் சிறு நிரல் ஒன்றை எழுதிச் சேர்த்துவைப்பர். புதிய மாற்றம் வரும்போது, அவை அனைத்தும் மீண்டும் இயக்கப்படும். ஒருமுறை பட்ட துன்பம் மறுமுறை நேராமல் காக்கும் நினைவேடு இது. பழைய கட்டம் சொல்லாமல் செய்துவந்த வேலைகளும் பெரும்பாலும் இங்கேயே வெளிப்படும்.

மூன்றாவது, தற்போக்கு நிரல்களால் சோதித்தல். மனிதர் எழுதும் சோதனைகள் மனிதர் எண்ணிப் பார்த்தவற்றையே உள்ளடக்கும். எண்ணாதவற்றை எட்ட, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'சிஸ்மித்' என்னும் கருவியை உருவாக்கினர். அது தற்போக்கில் சி மொழி நிரல்களை எழுதும். ஒரே நிரலைப் பல நிரல்பெயர்ப்பிகளிடம் தந்து, விடைகள் ஒத்துள்ளனவா என்று பார்ப்பர். மூன்றாண்டுகளில், அதுவரை அறியப்படாத 325க்கும் மேற்பட்ட பிழைகளை இக்கருவியால் கண்டறிந்ததாக 2011இல் அவர்கள் அறிவித்தனர். பல பிரதிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காணும் முறை இங்குப் புதிய வடிவம் பெற்றது எனலாம்.

நான்காவது, கணித நிறுவல். சோதனை எத்தனை இருப்பினும், சோதிக்காத நிரலில் பிழை இருக்கக்கூடும். மாற்றத்திற்கு முன்னும் பின்னும் நிரலின் பொருள் ஒன்றே எனக் கணிதவழி நிறுவிவிட்டால் அந்த ஐயம் நீங்கும். இதற்கென 'அலைவ்' என்னும் கருவியை உருவாக்கியோருள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு செய்த சந்தோஷ் நாகரகட்டேயும் ஒருவர். எல்எல்விஎம் நிரல்பெயர்ப்பியின் 300க்கும் மேற்பட்ட செம்மையாக்கங்களை இக்கருவியால் ஆராய்ந்தபோது, அவற்றுள் 8 தவறானவை என 2015இல் தெரியவந்தது. உலகெங்கும் பயன்பாட்டில் இருந்த மென்பொருளிலும் கண்ணுக்குப் புலப்படாத பிழைகள் உறைந்திருந்தன.

குற்றவாளியைத் தேடுதல்

இத்தனை காப்புகளையும் மீறிப் பின்னடைவு ஏற்படுவதுண்டு. அப்போது பதற்றத்திற்கு இடமில்லை; முறைக்கே இடமுண்டு. சென்ற மாதம் சரியாக இருந்த நிரல் இன்று பிழைபடுகிறது. இடையில் 1,024 மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஆயிரம் சோதனைகள் வேண்டும். மாறாக, நடுவில் உள்ள பதிப்பை எடுத்துச் சோதித்தால், பிழை முற்பாதியிலா பிற்பாதியிலா என்பது தெரியும். எஞ்சிய 512ஐயும் அவ்வாறே இரண்டாகப் பகுக்கலாம். பத்தே சோதனைகளில் பிழைக்குக் காரணமான ஒரே மாற்றம் அகப்படும். பாடத்தில் பயிலும் இருமத் தேடலே இது. மாற்றங்களைச் சிறிது சிறிதாகச் செய்வதன் பயன் இங்கே விளங்கும். ஒரு மாதப் பணியை ஒரே மாற்றமாகச் சேர்த்திருந்தால், தேடல் அதனைச் சுட்டிக்காட்டி நின்றுவிடும். அதற்குள் பிழை எங்கே என்பதைத் தனியே தேட வேண்டியிருக்கும்.

வெளியீட்டுக்கும் ஒழுங்கு உண்டு. ஜிசிசியின் ஓராண்டுப் பணியில் புதிய வசதிகளைச் சேர்ப்பதற்கான காலம் முதலில் வரும். பிழைகளைத் திருத்தும் காலம் அடுத்து வரும். இறுதிக் காலத்தில் பின்னடைவுகளைச் சரிசெய்வதற்கும் ஆவணங்களைத் திருத்துவதற்கும் மட்டுமே இசைவு உண்டு. மிகக் கடுமையானது என வகைப்படுத்தப்பட்ட பின்னடைவு ஒன்று எஞ்சியிருந்தாலும் புதிய பதிப்பு வெளியிடப்படுவதில்லை.

எப்போது கழிப்பது?

புதிய கட்டம் பழையதைவிட எல்லா நிரல்களிலும் சிறந்து விளங்க வேண்டும் என எதிர்பார்த்தால், எந்த மாற்றமும் நிகழாது. ஊகங்களை நம்பிய துறையில் அத்தகைய முழுமை கிட்டுவதரிது. எனவே, வல்லுநர்கள் வேறொரு வரையறையை வகுத்துக்கொள்கின்றனர். தவறான விடைக்கு ஒருபோதும் இடமில்லை. வேகக் குறைவு எனில், எந்நிரலில், எவ்வளவு, எதனால் என்பதை அறிந்திருக்க வேண்டும். அறிந்த இழப்பை எடைபோட்டு ஏற்கலாம் அல்லது சரிசெய்யலாம். அறியாத இழப்பை எடைபோடவே வழியில்லை.

கரிவலம்வந்தநல்லூரில் நேர்ந்தது அறியாத இழப்பு. தீயில் இட்டவை எவை, அவற்றுள் வேறெங்கும் இல்லாதது எது என்பதைக் கூறவல்ல பட்டியலும் இல்லை, படியும் இல்லை. அச்செயலைச் செய்தோர் தமிழுக்குப் பகைவர் அல்லர்; நெறியைப் போற்றுவதாகவே அவர்கள் கருதினர். நன்னோக்கம் மட்டும் நூலைக் காக்காது. ஒப்புநோக்கிய படியே காக்கும். புதிய கட்டத்தை எழுதுபவரின் நோக்கமும் நல்லதே. அந்நோக்கம் கைகூடுவது, பழையதன் அருகில் புதியதை வைத்துப் பொறுமையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உழைப்பினால்தான்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் எழுதிய சி++ நிரல் ஒன்றில் ஒரு பகுதியை வேறு முறையில் மாற்றி எழுதுக. பழைய வடிவத்தையும் வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் ஒரே உள்ளீடுகளைத் தந்து விடைகளை ஒப்பிடுக.

2. உங்கள் ஊரில் பழைய முறை ஒன்று அகற்றப்பட்டுப் புதியது வந்த நிகழ்வு ஒன்றைப் பெரியோரிடம் கேட்டறிக. பழையது சொல்லாமல் செய்துவந்த வேலை ஏதேனும் விடுபட்டதா என வகுப்பறையில் உரையாடுக.

3. சுவடிப் பதிப்பாசிரியரின் பணியையும் நிரல்பெயர்ப்பியைப் பேணுவோரின் பணியையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.